கேட்டால் வரும் ரத்தம்

மூளைக்குக் கையிருப்பு கிடையாது. ஈரலும் தசைகளும் சர்க்கரையைச் சேர்த்து வைக்கின்றன. இடுப்பைச் சுற்றிய கொழுப்பு மாதக்கணக்கில் காத்திருக்கும். மூளையோ அந்தந்த நொடிக்கு வந்ததை அந்தந்த நொடியிலேயே செலவழித்துவிடுகிறது. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான் அது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நாம் இழுக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் ரத்தம் கழுத்து வழியே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். முழுவதும் நின்றுபோனால் பத்து நொடிக்குள் நினைவு தப்பும். சில நிமிடங்களில் அணுக்கள் சாகத் தொடங்கும்.

இவ்வளவு வாங்கும் உறுப்புக்குள் பங்கீடு எப்படி நடக்கிறது? இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பின்மண்டையில் பார்வைக்குரிய பகுதி கூடுதல் ரத்தம் வாங்குகிறது. பக்கத்தைப் புரட்டக் கையை நீட்டினால் உச்சந்தலைக்குச் சற்றே முன்னால் வேறோர் இடம் வாங்குகிறது. எல்லா இடத்துக்கும் எல்லா நேரமும் தாராளமாக ஊற்றிவைக்க மண்டையோட்டுக்குள் இடமும் இல்லை, இதயத்துக்கு அந்தச் சக்தியும் இல்லை. வேலை நடக்கும் இடம் கேட்க வேண்டும், குழாய் விரிந்து கொடுக்க வேண்டும். ஒரு நரம்பணு இன்னொன்றோடு பேசப் பயன்படுத்தும் அதே வேதித் தூதுப்பொருள்கள்தாம் ரத்தக் குழாயிடமும் பேசுகின்றன என்பது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது.

இதை நான் வடசென்னையில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை போகும் இந்த நீண்ட பட்டையில், கை கால் விழுந்து வாசற்படியில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட ஒருவரையாவது பார்க்காமல் ஒரு பகலைக் கழிப்பது கடினம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், பாய்லர் பக்கத்தில் நின்றவர், மீன் கூடை சுமந்த அம்மா. “குடிச்சே கெட்டான்”, “வயசாயிடுச்சு”, “தலையெழுத்து” என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிக் கடந்துபோகிறோம். பக்கவாதம் வராதவர்களிலும் பலர் ஐம்பத்தைந்து வயதிலேயே சாவியை எங்கே வைத்தோம், சம்பளக் கணக்கு என்ன என்று தடுமாறுகிறார்கள். அதற்கும் இதே மூன்று பதில்கள்தாம். கேட்கும் இடத்துக்கும் கொடுக்கும் குழாய்க்கும் நடுவே நடப்பதை அறிந்தபின் இந்தப் பதில்களை என்னால் ஏற்க முடியவில்லை.

சிந்தனைக்கும் ரத்தத்துக்கும் உள்ள உறவை முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோஸ்ஸோ. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவரிடம் பெர்ட்டினோ என்ற விவசாயி வந்தார். தலையில் செங்கல் விழுந்து மண்டையோட்டில் ஒரு துளை. அந்தத் துளை வழியே மூளையின் துடிப்பைக் கருவியில் பதிவு செய்துகொண்டிருந்தபோது மாதா கோயில் மணி நண்பகலுக்கு அடித்தது. துடிப்பு உயர்ந்தது. மணி அடித்ததும் ஜெபம் சொல்ல வேண்டுமே என்று தோன்றியதா என மோஸ்ஸோ கேட்டார். பெர்ட்டினோ ஆமென்றார், மறுபடியும் துடிப்பு உயர்ந்தது. 8-ஐ 12-ஆல் பெருக்கச் சொன்னபோதும் அப்படியே. ராயபுரத்தில் புனித ராயப்பர் ஆலயத்து மணியோசையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மணி கேட்டதும் கை தானாக நெற்றிக்குப் போகும். அந்தக் கணத்தில் உள்ளே ரத்தமும் நகர்கிறது என்பதுதான் மோஸ்ஸோ சேர்த்த செய்தி.

1890இல் இங்கிலாந்தில் ராயும் ஷெரிங்டனும் ஒரு படி மேலே போனார்கள். மூளை தன் வேலையால் உண்டாகும் வேதிப்பொருள்களைக் கொண்டு தன் குழாய்களின் விட்டத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது என்றார்கள். சரியான கருத்து. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே லியோனர்ட் ஹில் என்ற செல்வாக்குள்ள உடலியலாளர் அதை மறுக்க, ஒரு தலைமுறைக் காலம் அது கிடப்பில் போனது. 1928இல் பாஸ்டனில் ஜான் ஃபுல்ட்டன் பதிவுசெய்த ஒரு நோயாளிதான் அதை மீண்டும் எழுப்பினார். அவருடைய பின்மண்டையில் ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே பின்னிக் கிடந்தன. ஸ்டெதாஸ்கோப்பை அங்கே வைத்தால் இரைச்சல் கேட்கும். இருட்டறையில் ஓய்ந்திருந்துவிட்டுக் கண்ணைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்த இரைச்சல் பெரிதாகும். புகையிலையை முகரவைத்தார்கள், கடிகாரத்தின் டிக் டிக் ஓசையை உன்னிப்பாகக் கேட்கச் சொன்னார்கள், இரைச்சலில் மாற்றமில்லை. பார்க்கும்போது மட்டும், பார்வைக்குரிய இடத்தில் மட்டும் ரத்தம் பெருகியது.

கேள்வி இதுதான்: பற்றாக்குறை வந்தபின் ரத்தம் வருகிறதா, பற்றாக்குறை வருமுன்பே சொல்லியனுப்பப்படுகிறதா? எங்கள் தெருவில் இரண்டு வகையாகவும் மெட்ரோ வாட்டர் லாரி வந்ததைப் பார்த்திருக்கிறேன். குடமெல்லாம் காலியாகி, பெண்கள் சாலையில் குடங்களை வரிசையாக வைத்து மறித்தபின் வரும் லாரி ஒரு வகை. நாளைக்குக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், கூட்டம் வரும் என்று யாரோ முந்தின நாளே போன் போட்டுச் சொல்லி வரவழைக்கும் லாரி இன்னொரு வகை. நெடுங்காலம் மூளை முதல் வகை என்றுதான் நம்பினார்கள்: ஆக்சிஜன் குறைகிறது, கழிவு சேர்கிறது, அதைக் கண்டு குழாய் விரிகிறது.

1986இல் ஃபாக்ஸ், ரெய்க்லே இருவரும் செய்த அளவீடு இந்த நம்பிக்கையை அசைத்தது. விரலைத் தூண்டியபோது மூளையில் அதற்குரிய இடத்துக்கு ரத்தம் 29 சதவீதம் கூடியது. ஆனால் அந்த இடம் கூடுதலாகச் செலவழித்த ஆக்சிஜன் 5 சதவீதம்தான். பற்றாக்குறையைத் தீர்க்க மட்டுமே வந்த ரத்தமென்றால் இவ்வளவு மிஞ்சாது. தேவைக்கு முன்பாகவே, தேவையைவிடத் தாராளமாக யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

சொல்லியனுப்புவதில் முதலிடம் குளூட்டமேட்டுக்கு. மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததை எழுப்பப் பெரும்பாலும் இதைத்தான் அனுப்புகிறது. (சாலையோரக் கடையில் தூவும் அஜினமோட்டோவிலும் இதே பொருள்தான். தின்பதில் இருக்கும் குளூட்டமேட் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. கருவாட்டிலும் தக்காளியிலும்கூட அது உண்டு. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.) குளூட்டமேட் வந்து படிந்ததும் எழும்பிய அணுவுக்குள் கால்சியம் பாய்கிறது. அது ஒரு நொதியைத் தட்டிவிட, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது. வாயு என்பதால் கதவு, வாசல் எதுவும் வேண்டாம். சவ்வுகளைக் கடந்து பக்கத்துக் குழாயின் தசையை அடைந்து அதைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது. இன்னொரு வழியில், குழாயைச் சுற்றித் தங்கள் பாதங்களைப் பதித்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை அணுக்கள் அதே குளூட்டமேட்டை உணர்ந்து, குழாயை விரிக்கும் கொழுப்புவகைப் பொருள்களை வெளியிடுகின்றன. மயிரிழையினும் மெல்லிய நுண்குழாய்களைப் பெரிசைட் என்ற அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவையும் தளர்கின்றன. லண்டனில் டேவிட் ஆட்வெல் குழு 2014இல் காட்டியபடி, பெரிய குழாய்களுக்கு முன்பே முதலில் விரிவது இந்த நுண்குழாய்கள்தாம். செய்தி போனதிலிருந்து இரண்டொரு நொடியில் ரத்தம் கூடத் தொடங்கி, ஐந்தாறு நொடியில் உச்சம் தொடுகிறது.

நைட்ரிக் ஆக்சைடின் கதை தொழிற்சாலைகளோடும் சேர்ந்தது. டைனமைட்டுக்கான நைட்ரோகிளிசரினைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். உடலில் அது நைட்ரிக் ஆக்சைடாகி, தலையின் ரத்தக் குழாய்களை விரித்ததே காரணம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை போட்டவர்கள் “தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது” என்று சொல்வதும் இதனால்தான். ரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து தளர்த்தும் பொருள் ஒன்று வருகிறது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். அது இந்த வாயுதான் என்பது பின்னர் உறுதியானது. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராத் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வேதியியல் ஆலைகளின் காற்றைச் சுவாசித்து வாழும் வடசென்னையின் மணலிக்காரர்கள் இந்தத் திங்கட்கிழமைத் தலைவலியின் வரலாற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆலைக்குள் இருக்கும் ஒரு பொருள் தொழிலாளியின் தலைக்குள் ரத்த ஓட்டத்தையே மாற்றும் என்பதற்கு அது பழைய, ஐயமில்லாத சான்று.

குளூட்டமேட் ஒரு சிறு இடத்துக்காகக் கேட்கிறது. மூளை முழுமைக்கும் சேர்த்துப் பேசும் தூதுப்பொருள்களும் உண்டு. விழிப்பைத் தரும் அசிட்டைல்கோலின் மேற்பரப்பெங்கும் குழாய்களை விரிக்கிறது. செரட்டோனின் பொதுவாகப் பெரிய குழாய்களைச் சுருக்கும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் டிரிப்டான் வகை மாத்திரைகள் செரட்டோனினின் வாசலில்தான் போய் உட்காருகின்றன. மூளைத்தண்டின் நீலநிறப் புள்ளியொன்றிலிருந்து கிளம்பும் நார்அட்ரினலின் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும். அடினோசின் உழைப்பின் மிச்சமாகச் சேர்ந்து, தூக்கத்தையும் வரவழைக்கும், குழாயையும் விரிக்கும். டீயிலும் காபியிலும் உள்ள காஃபின் அடினோசினின் இடத்தை மறித்துக்கொள்கிறது. கணிசமான அளவு காஃபின் மூளையின் ரத்த ஓட்டத்தை ஏறத்தாழ கால்பங்கு வரை குறைக்கிறது. ஆலை கேட்டுக்கு வெளியே “ஒரு டீ அடிச்சாத்தான் தலைவலி போவும்” என்கிறவர் சரியாகவே சொல்கிறார். தினமும் குடித்துப் பழகியவருக்கு அன்று டீ கிடைக்காவிட்டால் அடினோசினுக்கு எதிர்ப்பில்லை. குழாய்கள் தேவைக்குமேல் விரிந்து வலிக்கின்றன.

நார்அட்ரினலினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையின் இரவுகளோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அது ஒரேயடியாக அடங்கிவிடுவதில்லை. ஏறத்தாழ 50 நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்குகிறது. ஏறும்போது குழாய்கள் சுருங்குகின்றன, இறங்கும்போது விரிகின்றன. இந்தச் சுருங்கி விரிதல், மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீரை உள்ளே தள்ளி, பகலெல்லாம் சேர்ந்த கழிவுப் புரதங்களை அலசி வெளியேற்றுகிறது. மைக்கன் நெடர்கார்டின் குழு இதைச் சுண்டெலிகளில் காட்டி 2025 ஜனவரியில் வெளியிட்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை கொடுத்த எலிகள் தூங்கின. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் மங்கி, அலசுவதும் குறைந்தது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை இரவெல்லாம் நிற்கிறது. ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கில் தலைவைத்துக் கண்ணயர்வார்கள், வரிசை பத்தடி நகர்ந்ததும் எழுந்து பத்தடி ஓட்டுவார்கள். காசிமேட்டில் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். மீன் எடுக்கும் பெண்கள் நடுச்சாமத்தில் கிளம்ப வேண்டும். அனல்மின் நிலையங்களிலும் ஆலைகளிலும் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிச் சொல்லிவிட முடியாது. ஆயினும் துண்டு துண்டாக வெட்டப்பட்ட தூக்கம் வெறும் அலுப்பு மட்டும்தான் என்று இனி யாரும் சொல்ல முடியாது. தூங்கும் மூளையில் ரத்தக் குழாய்கள் ஒரு வேலை செய்கின்றன. அந்த வேலைக்கு இடையறாத நேரம் வேண்டும்.

மூளை ஆராய்ச்சிக்கும் வடசென்னைக்கும் ஓர் உறவு உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையை இந்தப் பக்கத்துப் பழையவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. 1938இல் மருத்துவக் கல்லூரியானது. அங்கே மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் பின்னால் அமெரிக்காவில், வெட்டிப்போன கை இன்னும் வலிக்கிறது என்றவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டு வைத்தியம் பார்த்து உலகப் பெயர் பெற்றார். மூளை ஆராய்ச்சி என்றாலே இன்று பத்திரிகைகளில் வரும் சிவப்பு மஞ்சள் திட்டுப் படங்கள் நினைவுக்கு வருகின்றன. 1990இல் செய்ஜி ஓகாவா கண்ட முறையில் எடுக்கும் அந்த எம்.ஆர்.ஐ. படங்கள், ஆக்சிஜன் உள்ள ரத்தமும் ஆக்சிஜன் இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வேறு வேறாக நடந்துகொள்வதை வைத்து வரையப்படுபவை. அன்பு இங்கே, பயம் அங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் அந்தத் திட்டில் தெரிவது அன்போ பயமோ அல்ல. தூதுப்பொருளின் சொல்லைக் கேட்டு வந்த ரத்தம். குழாய் கெட்டுப்போன ஒருவருக்குச் சிந்தனை நடந்தும் திட்டு மங்கலாக வரலாம். இதைச் சொல்லாமல் அந்தப் படங்களை அச்சிடுவது சரியல்ல என்பது என் கருத்து.

குழாய் கெட்டுப்போவது என்றேன். எதனால் கெடுகிறது?

முதலில் ரத்த அழுத்தம், இங்கே எல்லோரும் சொல்லும் பிரஷர். அது குழாய்ச் சுவரைத் தடிக்கச் செய்கிறது என்பது பழைய பாடம். நியூயார்க்கில் காஸ்டன்டினோ யடெக்கோலாவின் குழு பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது அதற்கும் மேல்: அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் குழாய்ச் சுவரில் ஆக்சிஜன் கழிவுகளைப் பெருக்குகிறது. அவை நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடுகின்றன. நரம்பணு கேட்கிறது, செய்தி வழியிலேயே அழிகிறது. கை கால் விழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வெளியில் எந்த அறிகுறியும் இல்லாத காலத்திலேயே, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது உப்பு. 2018இல் அதே குழு சுண்டெலிகளுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு உப்புள்ள தீவனத்தைக் கொடுத்தது. குடலில் ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்கள் பெருகி, அவை விட்ட பொருள் ரத்தத்தில் கலந்து, மூளைக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு செய்வதைக் குறைத்தது. எலிகளுக்கு நினைவு தடுமாறியது. ரத்த அழுத்தம் ஏறாமலேயே இது நடந்தது. நம் கறிக்குழம்பும் எலித் தீவனமும் ஒன்றல்ல. ஆனால் வெறும் சோறும் கருவாட்டுத் துண்டும் ஊறுகாயும்தான் பல வீடுகளில் வாரக் கடைசிச் சாப்பாடு. கருவாட்டை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கடலில் மீன் வற்றிய மாதங்களில் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் புரதம் கொடுத்தது அதுதான். ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவிச் சமைத்த பாட்டிகளின் பழக்கத்தை விட்டுவிடாமல் இருந்தால் போதும். அந்தப் பழக்கத்தைக் கெடுத்தது பாக்கெட் தின்பண்டம், அதில் உப்பைக் கழுவ வழியில்லை.

மூன்றாவது புகை. பீடியின் புகை, ஆலையின் புகை, டீசலின் புகை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் ராயபுரத்து மொட்டை மாடிகளில் காயப்போட்ட துணி கறுத்துவரும். நீதிமன்றம் தலையிட்டபின் 2011இல் அந்த நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் கொஞ்சம் மூச்சுவிட்டது. எண்ணூருக்கு அந்தச் சுமை கூடியது. ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, ஏழைகளிடமிருந்து அவர்களைவிட ஏழைகளிடம் தூசியை நகர்த்துவதைத் தீர்வென்று ஏற்றுக்கொண்டோம். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போய்க் குழாய்களின் உட்சுவரில் அழற்சியை உண்டாக்குகின்றன. பக்கவாதத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2021இல் அது வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு இன்னமும் 40. சட்டப்படி தூய்மையான காற்றுகூட உலக அளவுகோலில் எட்டு மடங்கு அழுக்கு.

இத்தனையையும் சுமந்தபின் ஒருநாள் குழாய் அடைபடுகிறது. அப்போது நடப்பதுதான் எனக்கு எப்போதும் மனத்தை உறுத்துவது. அதுவரை ரத்தத்தைக் கேட்டு வாங்கித்தந்த அதே குளூட்டமேட் இப்போது கொல்லத் தொடங்குகிறது. சாதாரண நேரத்தில் வேலை முடிந்ததும் குளூட்டமேட்டைத் துணை அணுக்கள் உறிஞ்சி அப்புறப்படுத்திவிடும். அதற்குச் சக்தி வேண்டும். ரத்தம் நின்றதும் சக்தி இல்லை. உறிஞ்சுவது நிற்க, வெளியே கொட்டுவது மட்டும் பெருக, அணுவுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து உள்ளிருந்தே கரைக்கிறது. குளூட்டமேட் நரம்பணுக்களைக் கொல்வதை ஜான் ஓல்னி 1969இலேயே சுண்டெலிகளில் பார்த்து, கிளர்ச்சியே நஞ்சாவதற்குப் பின்னர் ஒரு பெயரும் வைத்தார். அடைப்பைச் சுற்றியுள்ள பகுதியில் மின் அலைகள் பரவுகின்றன. நலமான மூளையில் இப்படிப்பட்ட அலை வந்தால் குழாய் விரியும். அடிபட்ட மூளையில் அதே அலைக்குக் குழாய் சுருங்குகிறது. நுண்குழாயைப் பிடித்திருந்த பெரிசைட்டுகள் இறுகிய நிலையிலேயே சாகின்றன. பின்னர் அடைத்திருந்த ரத்தக் கட்டி கரைந்து பெரிய குழாய் திறந்தாலும், இறுகிப்போன நுண்குழாய் வழியே ரத்தம் சரியாக ஏறுவதில்லை.

ஆனால் எல்லாம் உடனே சாவதில்லை. அடைப்பின் நடுவில் உள்ளவை சில நிமிடங்களில் போய்விடும். அதைச் சுற்றிலும், செயலிழந்தும் உயிரோடு ஒரு வளையம் மணிக்கணக்கில் காத்திருக்கும். பக்கவாத மருத்துவம் முழுவதும் அந்த வளையத்துக்காகத்தான். அதில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் ஜெஃப்ரி சேவர் போட்ட கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும், ஏனென்றால் கசிவில் அந்த ஊசி ஆளையே கொன்றுவிடும்.

அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பது, “கடைசியா எப்பம்மா நல்லா இருந்தாரு?” என்பது. “நைட்டு நல்லாத்தான் சார் படுத்தாரு. காலைல பாத்தா வாய் கோணிக்கினு கீது. எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தோம், சாயங்காலம் இட்டாந்தோம்” என்று பதில் வந்தால், அந்த ஊசிக்கான நேரம் போய்விட்டது என்று பொருள். புறா ரத்தம் தடவினால் விழுந்த கை எழும் என்ற நம்பிக்கையில் இன்னும் புறா தேடுகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. சூடு குறைந்து கிடக்கும் கைக்கு ரத்தம் வேண்டும் என்ற அளவில் அந்த நம்பிக்கை எங்கோ சரியாகத்தான் தொடங்கியிருக்கிறது. ரத்தம் வேண்டிய இடம் கை அல்ல, தலை என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லவில்லை.

2020இல் தமிழ்நாடு அரசு எடுத்த ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் திட்டத்தின் பெண் தன்னார்வலர் பையோடு பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர்கள் பாட்டியும் குழந்தையும்தான். நாற்பத்தைந்து வயதுக் கன்டெய்னர் ஓட்டுநரும் படகில் போனவரும் ஆலைக்குள் இருப்பவரும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. லாரிகள் நிற்கும் வரிசையிலும், மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக் கூடத்திலும், ஒப்பந்தத் தொழிலாளர் நுழையும் கேட்டிலும் பிரஷர் பார்க்கும் மேஜை ஒன்றைப் போட வேண்டும். அதற்குத் தேவை ஒரு கருவியும் ஒரு நாற்காலியும் ஒரு செவிலியரும். ஆயிரக்கணக்கான கோடியில் சரக்கு நகரும் இடத்தில் இதைக் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. தொழிற்சங்கங்கள் கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களிடம் நான் கேட்பது வேறு. ஐம்பது வயதுக்காரர் கணக்கில் தடுமாறினால், சொன்னதையே திரும்பச் சொன்னால், கேலி செய்யாமல் முதலில் பிரஷரையும் சர்க்கரையையும் பாருங்கள். மாத்திரை தொடங்கியபின் “இப்ப நல்லாத்தான் இருக்கு” என்று நிறுத்தாதீர்கள். நல்லா இருப்பது அந்த மாத்திரையால். முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, தூக்கிய கைகளில் ஒன்று தானாகக் கீழிறங்கினாலோ, பேச்சு குழறினாலோ, முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ டீயோ ஊற்றாதீர்கள், புரையேறும். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோங்கள்.